யார் வீட்டு முற்றம்?

(சிதம்பரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளணும். இன்னிக்கு நான் பேச வந்தது பால்வாடி பற்றி. ஆறு வயசுக்குள்ள இருக்கிற நம்ம புள்ளைங்க பகல் பொழுதுக்கு எங்கே இருக்கிறார்கள், யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் கையால் சாப்பிடுகிறார்கள் என்பது பற்றி.

அரசாங்கம் வைத்த பெயர் அங்கன்வாடி. ஆங்கன் என்றால் இந்தியில் முற்றம். நம்ம ஜனங்க வாயில் அது இன்னமும் பால்வாடிதான். முற்றம் என்று சொன்னவுடனே எனக்கு ஒரு கேள்வி வருகிறது. யார் வீட்டு முற்றம்? இந்த வட்டாரத்தில் முற்றம் வைத்து வீடு கட்டியவர்கள் யார், அந்த முற்றத்துக்குள் கால் வைக்காமல் கொல்லைப் பக்கம் போய் நின்று கூலி வாங்கியவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த முற்றத்தை அரசு பொதுவாக்கிவிட்டது போலப் பெயர் சொல்கிறது. ஆகியிருக்கிறதா என்று பார்ப்போம்.

நம்ம இயக்கங்கள் கோயில் வாசலைப் பற்றிப் பேசியிருக்கின்றன. டீக்கடை கிளாசைப் பற்றி, சுடுகாட்டுப் பாதையைப் பற்றி, தேர்தலைப் பற்றிப் பேசியிருக்கின்றன. பால்வாடியைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அது பொம்பளைங்க சமாச்சாரம், புள்ளைங்க சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்தோம். அரசியல் சட்டமும் அப்படித்தான் ஒதுக்கியது. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் ஆறு முதல் பதினாலு வயசு வரைக்கும் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறுக்குக் கீழே உள்ள குழந்தையை 45ஆவது பிரிவில், அரசு முயற்சி செய்யும் என்ற இடத்தில் விட்டது. உரிமை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். முயற்சி என்றால் காத்திருக்கணும்.

காத்திருக்கிற புள்ளையின் ஒரு வருஷத்தைச் சொல்கிறேன். குமராட்சி, காட்டுமன்னார்கோயில், புவனகிரிப் பக்கம் கூலிக்குப் போகிற ஒரு தாயின் வருஷம் அது.

மேட்டூரில் தண்ணி திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். ஆவணி, புரட்டாசியில் விதைப்பும் நாற்றங்காலும், அப்புறம் ஐப்பசி வரைக்கும் நடவு. நடவுக்குப் போகிறவள் விடியலில் கிளம்பணும். பால்வாடி திறக்கும்போது அவள் சேத்தில் நின்றுகொண்டிருப்பாள். இடைப்பட்ட நேரத்துக்குப் புள்ளை யாரிடம்? எட்டு வயசு அக்காவிடம். அந்த அக்கா அன்னிக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டாள். ஒரு புள்ளையின் பால்வாடியும் இன்னொரு புள்ளையின் படிப்பும் ஒரே நேரத்தில் போகின்றன. வருகைப் பதிவேட்டில் ரெண்டு பேருக்கும் ஆப்சென்ட். காரணம் எழுத அதில் இடம் கிடையாது.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும். கொள்ளிடம், வெள்ளாறு, பரவனாறு, கெடிலம், தென்பெண்ணை எல்லாம் கடலைத் தேடி வருகிற மாவட்டம் இது. 2015 நவம்பர் 9ஆம் தேதி பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. 2004 சுனாமி, 2011 தானே, 2024 ஃபெஞ்சல் என்று இந்த மாவட்டத்துக் குழந்தைகள் எண் கற்றுக்கொள்ளும் முன்னாடியே பேரிடரை எண்ணுகிறார்கள். மழைக்காலத்தில் பள்ளத்துக் கட்டடத்துக்குள் தண்ணி நிற்கும். விறகு நனையும், அரிசி நனையும். வயித்துப்போக்கும் காய்ச்சலும் வருகிற மாசங்களும் அவையே. சாப்பாடு ரொம்ப வேண்டிய நேரத்தில் மையம் மூடிக் கிடக்கும்.

தை, மாசியில் அறுப்பு. கையில் கொஞ்சம் காசு, வீட்டில் கொஞ்சம் நெல். அறுத்த வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். பயறு ஆய்ந்து முடித்ததும் வேலை இல்லை. பங்குனிக்கு மேல் சிலர் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போவார்கள். கடலூர், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காலம். தாய் கொட்டை பொறுக்கப் போவாள், உடைக்கப் போவாள். முந்திரிப்பால் பட்டுக் கை வெந்துபோகும். அந்தக் கையோடுதான் ராத்திரி புள்ளைக்குச் சோறு ஊட்டுவாள்.

மையத்தில் மாசாமாசம் புள்ளையின் எடை போடுகிறார்கள். அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார்கள். நான் வங்கியில் கணக்குப் பார்க்கிற குமாஸ்தா. எனக்கு அந்த அட்டை பாஸ்புக் மாதிரி. எந்த மாசம் இருப்பு ஏறியது, எந்த மாசம் இறங்கியது என்று அதில் படிக்கலாம். நடவு, மழை, சூளை என்று வேலைக்காலத்தை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். ஒரு கூலிக் குடும்பத்தின் வரலாறு அதில் தெரியும். மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். இது உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

இந்தத் திட்டம் வந்த கதையையும் சொல்லணும். 1975 அக்டோபர் 2ஆம் தேதி இந்தியா முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் இன்னொரு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதில் புள்ளையை மாசாமாசம் எடை போட்டு, எடை சரியாக ஏறாத புள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு உணவு கொடுத்தார்கள். தேறியதும் நிறுத்தினார்கள். கடன் கொடுத்தவனின் கணக்கு அது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவு வந்தது. கிராமத்தில் ரெண்டு வயசு முதல் அஞ்சு வரை மையத்தில், அஞ்சு முதல் ஒன்பது வரை பள்ளியில், எடை பார்க்காமல் எல்லாப் புள்ளைக்கும் சோறு. 'எல்லாருக்கும்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அதை மதிக்கணும். ஆனால் எல்லாருக்கும் சோறு போட்ட அரசு, எல்லாரும் ஒரு பந்தியில் உட்கார்ந்தார்களா என்று எண்ணிப் பார்த்ததா?

இங்கேதான் நம்ம பிரச்சினை. 2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில், 2006 டிசம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை போட்டது. நாடு முழுக்க குறைந்தது 14 லட்சம் மையங்கள் வேண்டும், புது மையங்களைத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளில் முதலில் தொடங்கணும், ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூணு மாசத்துக்குள் கொடுக்கணும் என்றது. நல்ல ஆணை. நம்ம தெருவுக்கு மையம் வந்தால் நம்ம புள்ளை சாலையைக் கடந்து போக வேண்டாம். நம்ம பொண்ணு ஒருத்திக்கு வேலை கிடைக்கும்.

ஆனால் சேரிக்கு ஒண்ணு வந்ததும் என்ன நடக்கிறது? ஊர்த்தெரு மையம் ஊர்த்தெருவுக்கு, காலனி மையம் காலனிக்கு என்று ஆகிவிடுகிறது. போர்டில் எழுதவில்லை, எல்லாருக்கும் தெரியும். மூணு வயசுப் புள்ளைக்கு 'அ' எழுதத் தெரியாது. தான் எந்த மையத்துப் புள்ளை என்று மட்டும் தெரியும். அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணியில் உட்கார வைக்கப்பட்டார் என்று படித்திருக்கிறோம். இன்னிக்குக் கோணி இல்லை, அரசாங்கப் பாய் இருக்கிறது, கட்டடமே தனியாக இருக்கிறது.

மையம் ஒண்ணுதான் என்கிற இடங்களில் சமைக்கிற கை பிரச்சினை ஆகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். 2019இல் மதுரை மாவட்டம் வலையப்பட்டியில் அங்கன்வாடிப் பணியில் சேர்ந்த ரெண்டு தலித் பெண்களைச் சாதி எதிர்ப்புக்குப் பணிந்து உடனே வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். ரெண்டு இடத்திலும் முதலில் மாற்றப்பட்டது தீண்டாமை இல்லை, தலித் பெண். போராட்டம் வந்த பிறகே நிர்வாகம் திரும்பிப் பார்த்தது. இன்னொண்ணும் நான் பார்த்திருக்கிறேன். சேரி மையத்துச் சோறு வேண்டாம் என்கிறவர்கள் சத்துமாவுப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பாக்கெட்டு ஒட்டி வருகிறது, அதனால் அதற்குத் தீட்டு இல்லை. நம்ம பொம்பளை கை பட்ட சோத்துக்குத்தான் தீட்டு.

இதைப் பற்றிப் பேசும்போது நமக்குள்ளேயே ரெண்டு கருத்து வருகிறது. வயசான பொம்பளைங்க சொல்கிறார்கள்: "நம்ம தெருவுலயே இருக்கட்டும் தம்பி. அங்க போயி புள்ள மொகம் சுண்டி வர்றதப் பாக்க முடியாது." இளைஞர்கள் சொல்கிறார்கள்: "தனியா வாங்கிக்கிட்டா தனியாவே வெச்சுடுவான். ஊர் மையத்துக்கே அனுப்புவோம். பொது உரிமை." ரெண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. முதல் பேச்சில் அனுபவம் இருக்கிறது, ரெண்டாவதில் அரசியல் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது மூணாவது. பொது மையம் சேரியில் இருக்கட்டும். பொது என்று சொன்னவுடனே ஊர்த்தெரு என்று ஏன் நினைக்கிறோம்? பஞ்சாயத்து ஆபீஸ் அங்கே, ரேஷன் கடை அங்கே, தண்ணித் தொட்டி அங்கே. பொதுவை நோக்கி நடப்பது எப்போதும் நம்ம கால். ஒரு தடவை அவர்கள் நடக்கட்டும். நாலு வயசுப் புள்ளைக்கு அந்த முந்நூறு அடி தூரம் ஒண்ணும் பெரிசு இல்லை, அதன் அப்பனுக்குத்தான் பெரிசு. சேரியில் மேடான இடத்தில், ரெண்டு தெருப் புள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே மையம். குழந்தைகளின் எண்ணிக்கை கேட்டால் ஒழிய ரெண்டாவது மையம் கூடாது. சாதி மறுப்புச் சொல்லி ஊர்த்தெரு புள்ளையை நிறுத்தினால் நிறுத்தட்டும். அந்த மறுப்புக்கு அரசாங்கம் கட்டடம் கட்டித் தரக் கூடாது.

இந்தச் சிதம்பரத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. நந்தன் கதையை நமக்குச் சொன்னவர்கள், அவன் வாசலில் நின்றதையும் நெருப்பில் இறங்கியதையும் பக்தி என்று சொன்னார்கள். சுவாமி சகஜானந்தர் அதே நந்தன் பெயரில் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். வாசல் திறக்கட்டும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் பள்ளிக்கூடத்தைக் கட்டினார். இடத்தை நாம் உருவாக்கினால் அங்கே வருகிறவர்களுக்கு நிபந்தனை போடுகிறவர்களும் நாமாக இருப்போம்.

வெளியே இருந்தும் ஒரு செய்தி. அமெரிக்காவில் 1965இல் ஏழைக் குழந்தைகளுக்காக ஹெட் ஸ்டார்ட் என்ற திட்டம் வந்தது. மிசிசிப்பியில் சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். பண்ணையிலும் வீட்டு வேலையிலும் இருந்த கறுப்பினப் பெண்கள் ஆசிரியைகளானார்கள். வெள்ளை முதலாளியை நம்பாத சம்பளம் கைக்கு வந்தது. உடனே அந்த மாநிலத்து செனட்டர் ஸ்டென்னிஸ் எதிர்த்தார், 1966இல் பணத்தை நிறுத்தினார்கள். 1969இல் ஓக்லாந்தில் பிளாக் பேந்தர்கள் குழந்தைகளுக்குக் காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். துப்பாக்கிக்குப் பயந்த அரசு அந்தச் சாப்பாட்டுக்கும் பயந்தது. குழந்தைக்குச் சோறு போடுவது சமூக சேவை என்று நாம் நினைக்கிறோம். அது அரசியல் என்று எதிரிக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது அங்கே வேலை பார்க்கிற பொம்பளையைப் பற்றி. ஊர் அவளை டீச்சர், ஆயா என்கிறது. அரசாங்கம் தொண்டர் மாதிரி பார்க்கிறது. தருவது சம்பளம் இல்லையாம், மதிப்பூதியமாம். 2018 அக்டோபரில் மத்திய அரசு நிர்ணயித்தது பணியாளருக்கு மாசம் ரூ.4,500, உதவியாளருக்கு ரூ.2,250. அதற்கு மேல் மாநிலம் போடணும். அவர்கள் வகிப்பது அரசுப் பதவி இல்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் அதே நீதிமன்றம் பணிக்கொடை உண்டு என்றது. கடன் விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதணும் என்று கேட்டு கவுண்டரில் நிற்கிற பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? சோறாக்கணும், எடை போடணும், பாட்டுச் சொல்லித் தரணும், கர்ப்பிணி வீட்டுக்குப் போகணும், கைப்பேசியில் விவரம் ஏத்தணும். 2025 ஜூலை முதல் வீட்டுக்குத் தருகிற மாவுக்குத் தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கவும் சொல்லிவிட்டார்கள். நடவுக்குப் போனவளின் முகம் எப்படிக் கிடைக்கும்?

சட்டத்தில் கூலிக்காரப் பெண்ணுக்கு இடம் இருந்த கதையும் இருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டம் முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்கிற ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2005 வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்துக்கு ஆறு வயசுக்குட்பட்ட அஞ்சு குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்துக் கூலி தரணும் என்றது. 2017 மகப்பேறுச் சட்டத் திருத்தம் 50 பேர் வேலை செய்கிற நிறுவனத்துக்குக் காப்பகம் கேட்டது. ஒரு வயலில் 50 பேர் நடவு நட்டாலும் அது நிறுவனம் ஆகாது. ஏரி வெட்டுகிற இடத்தில் மரத்தில் கட்டிய தூளிதான் காப்பகம்.

ஆகவே நாலு வேலை சொல்கிறேன். ஒண்ணு, உங்கள் தெருவில் ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளை எண்ணுங்கள். 40 பேர் இருந்து மையம் இல்லை என்றால் 2006 ஆணையைக் காட்டி எழுத்தில் கேளுங்கள், தேதி போட்ட ரசீது வாங்குங்கள். ரெண்டு, நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் மையம் விடியலில் திறக்கணும், அந்தக் கூடுதல் நேரத்துக்குப் பணியாளருக்குக் கூலி தரணும் என்று கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். மூணு, புதுக் கட்டடம் வருகிறது என்றால் எந்த இடம் என்று முடிவாகும் முன்னாடியே போய் நில்லுங்கள். மேடான இடம், சேரிப் பக்கம், ரெண்டு தெருவுக்கும் பொது. நாலு, நம்ம பொண்ணு சமைக்கக் கூடாது என்று எவனாவது சொன்னால் அன்னிக்கே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார். இடமாற்றத்தைச் சமாதானமாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஐப்பசி வருகிறது. மழைக்கு முன்னாடி உங்கள் பால்வாடியின் கூரையையும் அரிசி மூட்டை இருக்கிற இடத்தையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பதிவேட்டில் எத்தனை பேர், பாயில் எத்தனை பேர், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கணக்கோடு வாருங்கள்.