குளத்தை அறிந்து இறங்குவோம்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



வன்னி வரண்ட பூமி. மாரி மழையைக் குளங்களிலே தேக்கி ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள் நாம். கனகராயன் ஆற்றை மறித்து, 1902ஆம் ஆண்டு தொடங்கி 1920ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற இரணைமடுக் குளம் இல்லையேல் கிளிநொச்சிக்கு வயலேது, குடியேது? அக்குளத்தருகே கனகாம்பிகை அம்பாள் கோயில் கொண்டிருக்கிறாள். குளத்தை நாம் தாயென்று போற்றுகின்றோம். ஆயினும் அத்தாயின் இயல்பை அறிந்திருக்கின்றோமா?

முன்னாளில் தகப்பனோ பேரனாரோ சிறுவனைக் கைபிடித்துச் சென்று, "இதிலே குளி, அங்காலே போகாதே, கட்டுக்கு மண் வெட்டிய கிடங்கு இருக்குது" என்று காட்டுவார். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்தோம். முகாம்களில் இருந்து பின்னர் மீண்டோம். வீடு கட்டினோம், வயல் திருத்தினோம். ஆனால் கைபிடித்துக் காட்டும் வழக்கம் பல குடும்பங்களில் அறுந்துபோயிற்று. காட்டவேண்டியவர்கள் பலர் திரும்பி வரவேயில்லை.

குளமும் பழைய குளமன்று. திருத்தவேலை முடிந்து 2018 டிசெம்பரில் திறக்கப்பட்டபோது, நீர் கொள்ளும் மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்தது. அதே மாதத்திலேயே பெருவெள்ளமும் வந்தது. குளம் நிறையும் காலத்தில், முன்பு கரையாக இருந்த இடமும் நீருக்குள் மறைகின்றது. ஆகையால் பெரியவர்களும் தாம் அறிந்ததை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

குளத்திலே ஆபத்துக்கள் எவை? கோடையில் நீர் வற்றும்போது குளம் சாதுவாகத் தோன்றும். முழங்காலளவு நீரில் நடப்பவன் அடுத்த அடியில் கிடங்கினுள் மறைந்துவிடுவான். சேறு காலைப் பற்றும். பட்டமரக் கட்டைகள் நீருக்கடியில் நிற்கும். ஆகவே அறியாத நீரில் தலைகீழாகப் பாயலாகாது. துருசு திறந்திருக்கையில் அதனருகே நீர் உள்ளிழுக்கும். வான் பாயும்போது அதன்கீழ்க் குளிப்பதும் மீன் பிடிப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். விடியற்காலையிலும் மைமலிலும் முதலையை நினைவிற் கொள்க. மது அருந்தியவன் நீரருகே செல்லவே கூடாது.

தோணியைப் பற்றியும் ஒரு சொல். சோளகக் காற்று வீசும் காலத்தில் அகன்ற குளத்திலே அலை விரைவில் எழும். காலையில் சென்று காற்றுக்கு முன் திரும்புதல் நன்று. 2021 நவம்பர் 23ஆந் தேதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறுபேர் அன்றே மாண்டனர். 2024 ஜனவரி 18இல் இந்தியாவின் வடோதரா நகரத்து ஏரியிலே, அளவுக்கு மிஞ்சி ஏற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவரும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். பலர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. கரை அண்மையில் இருப்பது மாத்திரம் காவலாகாது. தோணி கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த முயலாது, தோணியையே பற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவன் தாழ்வதைக் கண்டால் உடனே குதித்துவிடாதீர்கள். அவன் பிடியில் நீங்களும் தாழ்வீர்கள். உரத்துக் கூவி ஆட்களை அழையுங்கள், தடி நீட்டுங்கள், சாரத்தை முறுக்கி எறியுங்கள், மூடி இறுக்கிய வெறுங் கானை எறியுங்கள். கரையேற்றியபின் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டா. 1990க்கு அழையுங்கள். மூச்சில்லையேல் மல்லாக்கக் கிடத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதுங்கள். பின்பு நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தி 2 முறை ஊதுதலை உதவி வரும்வரை விடாது செய்யுங்கள். இதனைச் செய்து பழகியவனே அவ்வேளையில் தடுமாறாது செய்வான்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை மூன்று. கோடையில் நீர் வற்றியதும் பெரியவர்களை அழைத்துச் சென்று கிடங்குகளைக் கண்டு, உரிய அதிகாரிகளின் அனுமதியோடு அடையாளத் தடிகள் நாட்டுவோம். திருவிழாக் காலங்களில் கயிறும் கானும் வைத்துக்கொண்டு தொண்டர்களாய்க் கரையில் நிற்போம். நமது பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, நீந்தக் கற்பிப்போம்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று வீடு திரும்பியதும் பேரப்பிள்ளையின் கையைப் பிடியுங்கள். அடுத்த ஞாயிறன்று குளக்கட்டுக்கு அழைத்துச் சென்று, நீங்கள் அறிந்ததைக் காட்டுங்கள். அம்பாள் காப்பாள் என்று நம்புகின்றோம். அவள் நமக்குத் தந்த அறிவும் அக்காவலில் ஒரு பகுதியன்றோ?