'ஹெலெனி' என்று யாரும் இல்லை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வு மாணவியைப் பேசக் கூப்பிட்டிருக்கிறோம், ஆய்வைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் ஒரு சீரியலைப் பற்றிப் பேசப் போகிறேன். 'செவரன்ஸ்' என்ற அறிவியல் புனைவுத் தொடர். முதல் சீசன் 2022இல் வந்தது, ஒன்பது எபிசோடுகள். பிறகு ஏறக்குறைய மூன்று வருட இடைவெளி. அந்த இடைவெளியில் 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தமும் அடக்கம். தொழிலாளர்களைப் பற்றிய தொடர் ஒன்று வேலைநிறுத்தத்தால் தாமதமானால் ரசிகை கோபப்படக் கூடாது, நான் படவில்லை. 2025 ஜனவரி 17 தொடங்கி மார்ச் 21 வரை, வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாக, இரண்டாம் சீசனின் பத்து எபிசோடுகள் வந்தன. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

லூமன் என்று ஒரு கம்பெனி. அங்கே சில பிரிவுகளில் வேலைக்குச் சேர வேண்டுமானால் மூளைக்குள் ஒரு சில்லு வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் லிஃப்டில் இறங்கும்போது வீட்டு நினைவு அணைந்துவிடும். மாலையில் ஏறும்போது வேலை நினைவு அணைந்துவிடும். உடம்பு ஒன்று, ஆட்கள் இரண்டு. தொடரில் 'இன்னி', 'அவுட்டி' என்கிறார்கள். நாம் உள்ளாள், வெளியாள் என்று வைத்துக்கொள்வோம். வெளியாளுக்கு வேலை என்பதே கிடையாது. லிஃப்டில் ஏறுகிறார், அடுத்த கணம் மாலை ஆகிவிடுகிறது, சம்பளமும் வந்துவிடுகிறது. உள்ளாளுக்கு வேலையைத் தவிர எதுவுமே கிடையாது. தூக்கம்கூட இல்லை. கதவு மூடித் திறந்தால் மறுநாள் காலை. இதை உருவாக்கிய டான் எரிக்சன் ஒரு கதவுக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, இந்த நாள் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறார். எல்லோருக்கும் உள்ள ஏக்கம்தான். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தை யாரோ ஒருவர் வாழ்ந்தாக வேண்டுமே, அந்த ஆள் யார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாரே, தொடர் அங்கேதான் பிறக்கிறது.

இந்த இடத்தில் அம்பேத்கரை இழுத்துவர எனக்குக் கை துறுதுறுக்கிறது. இழுக்கப் போவதில்லை. இது அமெரிக்கக் கார்ப்பரேட் கதை. அதன்மேல் நம் ஊர்ச் சாதியை அப்படியே ஒட்டினால் இரண்டுமே சரியாகப் புரியாமல் போய்விடும். கதைக்குள்ளேயே இருக்கிறேன்.

முதல் சீசனில் ஹெல்லி என்ற உள்ளாள் ராஜினாமா செய்ய முயல்கிறாள். அவளுடைய வெளியாளே வீடியோவில் வந்து பதில் சொல்கிறாள்: நான்தான் மனுஷி, நீ இல்லை, முடிவெடுப்பது நான். அந்த வெளியாள் கம்பெனி முதலாளியின் மகள் ஹெலெனா என்பது பிறகுதான் தெரிகிறது. இரண்டாம் சீசனில் அதே ஹெலெனா, ஹெல்லியைப் போல நடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள். தொழிலாளிகளோடு உட்கார்ந்து அவர்கள் திட்டத்தைக் கேட்கிறாள். ஹெல்லியை நேசிக்கும் மார்க்கோடு கூடாரத்தில் படுக்கிறாள். கண்டுபிடிப்பவர் இர்விங் ஒருவர்தான். கண்டுபிடித்ததற்கு அவருக்குக் கிடைப்பது நிரந்தர வேலைநீக்கம், அதாவது சாவு.

மில்ச்சிக்கைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச ஆசை. ட்ராமெல் டில்மன் நடித்த பாத்திரம். இதற்காக 2025 செப்டம்பரில் எம்மி வாங்கினார். நாடகத் தொடரின் துணை நடிகருக்கான பிரிவில் அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பின நடிகர் அவர். மில்ச்சிக் மேற்பார்வையாளர், தொழிலாளர்களை வதைப்பவர், முதல் சீசன் முழுக்க நான் வெறுத்த ஆள். இரண்டாம் சீசனில் பதவி உயர்கிறது. மூன்றாவது எபிசோடில் நிர்வாகக் குழு அவருக்குப் பரிசு அனுப்புகிறது: கம்பெனியை நிறுவிய வெள்ளைக்காரர் கீர் ஈகனைக் கறுப்பராக மாற்றி வரைந்த ஓவியங்கள். நீங்களும் இதில் உங்களைப் பார்த்துக்கொள்ளலாமாம். கொண்டுவந்து கொடுக்கும் நட்டாலியும் கறுப்பினப் பெண். எனக்கும் இதே பரிசு கிடைத்தது, நெகிழ்ந்துபோனேன் என்கிறாள். உதடு சிரிக்கிறது, கண்ணில் வேறு ஏதோ ஓடுகிறது. மில்ச்சிக் நன்றி சொல்கிறார். ஓவியங்களை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுகிறார்.

ஒருமுறை ஒரு கையேட்டின் அட்டைப்படத்துக்காக என்னைப் பின்வரிசையிலிருந்து கூப்பிட்டு முன்வரிசையில் நிற்க வைத்தார்கள். அந்தக் கையேடும் என் அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது.

ஐந்தாவது எபிசோடில் பணி மதிப்பீடு. குற்றச்சாட்டுகள் என்ன தெரியுமா? காகிதக் கிளிப்பைத் திருப்பி மாட்டுகிறார், பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசுகிறார். அடுத்த எபிசோடில் இரண்டு காட்சிகள். தனியறையில் உட்கார்ந்து கிளிப் மாட்டிப் பழகுகிறார். பிறகு கண்ணாடி முன் நின்று ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொல்லி, அதைச் சுருக்கி, மேலும் சுருக்கி, கடைசியில் மிஞ்சும் ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடிதடி இல்லை, ரத்தம் இல்லை. இந்த சீசனில் எனக்கு மூச்சு முட்டிய காட்சி அது. மொழியைக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தவரிடம் அதைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். ஒன்பதாவது எபிசோடில் மேலதிகாரி டிரம்மண்ட் மன்னிப்புக் கேட்கச் சொல்லும்போது, மலத்தைத் தின்னு என்பதை அகராதியில் தேட வேண்டிய ஆங்கிலத்தில் ஒருமுறையும், அவருக்குப் புரியும் ஆங்கிலத்தில் இன்னொரு முறையும் சொல்வார். ஹாஸ்டல் அறையில் நாங்கள் போட்ட சத்தத்தில் வார்டன் கதவைத் தட்டினார். அதற்காக மில்ச்சிக் நல்லவராகிவிடவில்லை. மறுபடியும் போய் அதே வேலையைத்தான் செய்கிறார்.

எட்டாவது எபிசோடு வந்தபோது ரசிகர்களில் பாதிப்பேர் திட்டினார்கள். பழைய மேலாளர் கோபெல் பனிக்காற்று அடிக்கும் தன் ஊருக்குப் போவது மட்டும்தான் கதை. எனக்கும் முதலில் சலிப்புத்தான். லூமன் அங்கே ஈதர் ஆலை நடத்தி, சிறுவர்களை வேலை வாங்கி, மூடிவிட்டுப் போயிருக்கிறது. மிச்சமிருப்பவர்கள் ஈதர் போதையில் கிடக்கிறார்கள். கோபெலும் அந்த ஆலையில் வேலை செய்த சிறுமி. அவள் தேடி வந்தது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். மூளையைப் பிரிக்கும் அந்தச் சில்லை வடிவமைத்தவளே அவள்தான் என்பதற்குச் சாட்சி. முதலாளி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அவள் பெயர் எங்கேயும் இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடைசி எபிசோடு. மார்க்கின் மனைவி ஜெம்மா செத்துவிட்டதாக நம்பிய துக்கத்தில்தான் வெளியாள் மார்க் இந்த வேலைக்கே வந்தான். அவள் சாகவில்லை, லூமனின் அடித்தளத்தில் அடைபட்டிருக்கிறாள். அவளை மீட்க உள்ளாள் மார்க்கின் உதவி வேண்டும். ஒரு மரவீடு. வாசலைத் தாண்டினால் வெளியாள், உள்ளே வந்தால் உள்ளாள். நடுவில் ஒரு வீடியோ கேமரா. ஒருவன் பேசிப் பதிவு செய்துவிட்டு வாசலைத் தாண்ட, மற்றவன் பார்த்துவிட்டுப் பதில் பதிவு செய்கிறான். வெளியாள் மன்னிப்புக் கேட்கிறான். உண்மையாகத்தான் கேட்கிறான். உன்னை அழிய விடமாட்டேன், இருவர் நினைவையும் இணைக்க ஒரு முறை இருக்கிறது, நாம் ஒன்றாகிவிடலாம், உன் காதலியையும் நான் மறக்கவில்லை என்கிறான். பெயரைச் சொல்கிறான். 'ஹெலெனி' என்கிறான்.

உள்ளாள் மார்க்கின் முகத்தைப் பாருங்கள். அதுவரை பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். அவள் பெயர் ஹெல்லி என்கிறான். அப்புறம்தான் கணக்குப் போடுகிறான்: நீ பல வருடம் வாழ்ந்தவன், நான் பிறந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, இணைந்தால் அதில் நான் எத்தனை பங்கு? வெளியாளிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. இவ்வளவு இறங்கி வந்து கேட்கிறேனே என்கிற கோபம்.

ஹெல்லி சொல்லித்தான் உள்ளாள் மார்க் ஜெம்மாவை மீட்கப் போகிறான். மீட்டும் விடுகிறான். கடைசிக் கதவு. ஜெம்மா தாண்டிவிட்டாள், கத்திக் கூப்பிடுகிறாள். தாண்டினால் அவன் இல்லாமல் போவான். அவன் திரும்பி ஹெல்லியிடம் ஓடுகிறான்.

முதல் தடவை பார்த்தபோது நான் திரையைப் பார்த்து "போடா, வெளிய போடா" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த தோழி கைதட்டினாள். மெஸ் மூடும் வரை சண்டை. ஜெம்மா என்ன பாவம் செய்தாள் என்பது என் கேள்வி. அவன் ஏன் சாக வேண்டும் என்பது அவள் கேள்வி. இரண்டாம் தடவை பார்த்தபோது என் குரல் எனக்கே கேட்டது. பத்து வாரமாக உள்ளாள் மார்க்கை ஒரு சாவியாகத்தான் நினைத்திருந்தேன். ஜெம்மா விஷயத்தில் இன்னும் மோசம். அவளுக்குள் அறைக்கு ஒருத்தியாக எத்தனையோ பெண்களை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஒருத்தி பல் வைத்தியரின் நாற்காலிக்காக மட்டுமே பிறந்தவள். ஜெம்மா வெளியே போனால் அவள் என்ன ஆவாள்? எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

இதே எபிசோடில் டிலனின் வெளியாள் தன் உள்ளாளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். தன் மனைவியை உள்ளாள் முத்தமிட்டதில் அவனுக்குக் கடும் எரிச்சல். அதை மறைக்காமல் எழுதுகிறான். ஆனால் போவதும் இருப்பதும் உன் முடிவு என்று விட்டுவிடுகிறான். மார்க்கின் அழகான வாக்குறுதியைவிட இந்த எரிச்சல் கடிதத்தை நான் நம்புகிறேன்.

'ஹெலெனி' ஏன் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன். என் ஆய்வு, தோல் பொருள் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. பதினொரு பேரிடம் மாதக்கணக்கில் பேசிப் பதிவு செய்தேன். ஆய்வு விதிப்படி எல்லோருக்கும் புனைபெயர் வைத்தேன். ஒரு அக்காவிடம் அவர் பேசிய பகுதியைப் படித்துக் காட்டப் போனேன். முழுசாகக் கேட்டார். பிறகு, "பேசுனது நானு. பேரு மட்டும் யாருதோ போட்டு வெச்சிருக்க?" என்றார். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் அக்கா என்றேன். "நான் ஒளிச்சு வெக்கச் சொன்னேனா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெளியாளுக்கு வந்த அதே கோபம். மூன்று வருடமாக இவர்களுக்காக அலைகிறேனே என்று.

விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. மேஸ்திரி கண்ணில் பட்டால் வேலை போகும். ஆனால் அந்த முடிவை அவர்களிடம் கேட்காமல் நானே எடுத்துவிட்டேன். மறுபடியும் ஒவ்வொருவரிடமும் போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை ஐந்து பேரைப் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் புனைபெயரே இருக்கட்டும் என்றார்கள். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த அக்கா தன் பெயரைப் போடச் சொன்னார், இனிஷியலோடு.