மறைக்காமல் சொல்வோம்

(நமது சங்கத்தின் ஹைதராபாத் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

சர்க்கரை நோய் என்றால் நம்மில் பத்துப் பேராவது மாத்திரையின் பெயரைக்கூடச் சொல்லிவிடுவோம். "ஸ்பைனல் மஸ்குலர் அட்ராஃபி" என்றால் அரங்கமே மௌனமாகிவிடும். தசைகள் நாளுக்கு நாள் பலமிழந்து போகும் வியாதி அது. அரிய நோய்களில் ஒன்று.

ஆயிரம் பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருவதை அரிய நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்படி 7,000-க்கும் மேற்பட்ட நோய்கள் உள்ளன. பெரும்பாலானவை மரபணுக் கோளாறால் வருபவை. தனித்தனியே அரிது, மொத்தமாகக் கூட்டினால் அரிதே அல்ல.

மத்திய அரசு 2017-இல் ஒரு கொள்கையை வெளியிட்டு, பிறகு நிறுத்தி வைத்தது. 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. பட்டியலில் உள்ள நோயாக இருந்தால், நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று 2022 மே மாதம் உயர்த்தினார்கள். சிறப்பு மையங்கள் மூலமாகவே இது கிடைக்கும். நம் ஊரில் உப்பல் சி.டி.எஃப்.டி.யும் பஞ்சாகுட்டா நிம்ஸும் சேர்ந்து ஒரு மையம். சென்னை அன்பர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை.

50 லட்சம் பெரிய தொகைதானே என்று தோன்றும். முன்பு சொன்ன நோய்க்கு ரிஸ்டிப்லாம் என்ற மருந்து உண்டு. ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். ஒரு பாட்டில் சுமார் 6.2 லட்சம் ரூபாய். எட்டு பாட்டிலில் பணம் தீர்ந்துவிடும். காப்புரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2025 அக்டோபரில் நம் ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இப்போது அதே 50 லட்சத்தில் 300 பாட்டிலுக்கு மேல் வாங்கலாம்.

ஆனால் எத்தனை பேருக்கு மருந்து வேண்டும்? போதிய புள்ளிவிவரம் இல்லை என்று அரசின் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. அதற்கு நாமும் ஒரு காரணம். மூத்த பிள்ளைக்கு வியாதி என்று வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாதே என்று மூடி வைக்கிறோம்.

சற்று யோசியுங்கள். பல மரபணு நோய்களில் தாய், தந்தை இருவரிடமும் ஒரே கோளாறு மறைந்திருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். அப்போதும் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். தங்கையிடம் அந்தக் கோளாறு இருந்தாலும், வேற்றுக் குடும்பத்துப் பிள்ளையிடம் அதே கோளாறு இருப்பது அபூர்வம். ஆனால் மாமா பிள்ளை, அத்தை பிள்ளை என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி ஒருவரே, வாய்ப்பு அதிகம். கோத்திரம் பார்ப்பது இதைத் தடுக்காது, ஏனெனில் கோத்திரம் தகப்பன் வழியை மட்டுமே பார்க்கிறது. ஆகவே மறைப்பதால்தான் ஆபத்து. சொன்னால் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளலாம்.

என் வேண்டுகோள் இதுதான். உறவில் சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். குழந்தைக்குக் காரணம் புரியாத வியாதி என்றால் தாமதிக்காமல் சிறப்பு மையத்துக்குச் செல்லுங்கள். அப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்தால், விசாரிப்பதோடு நிற்காமல் கூடவே போய் வாருங்கள்.

வீட்டுக்குள் ஒளித்து வைத்த குழந்தை அரசின் கணக்கிலும் வராது. முதல் அங்கீகாரம் நம் வீட்டில் கிடைக்கட்டும்.