அசையாமல் திரும்பும் ஆண்டெனா



சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் செல்லும் நாம் காதங்கியைக் கடந்தே போகின்றோம். அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு ராடார் 1990களின் தொடக்கம் முதல் இயங்கி வருகின்றது. சுழலும் கிண்ணம் ஏதும் அதில் இல்லை. ஏறத்தாழ 130 மீட்டர் சதுரத் திடலில், வரிசைக்கு 32 வீதம் 1024 ஆண்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. தூர்தர்ஷனுக்காக நாம் மாடியில் நட்டோமே, அந்த மீன்முள் ஆண்டெனாவின் இனந்தான். முன்பு 32 பெரிய டிரான்ஸ்மிட்டர்கள் அவற்றுக்கு ஊட்டின. பின்னர் ஆண்டெனா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒன்று அமைந்தது. எந்த ஆண்டெனாவும் அசைவதில்லை. ஆயினும் அவை எழுப்பும் அலைக்கதிர் சொன்ன பக்கம் சாய்கின்றது.

தேர்வடம் பிடித்தவர்க்கு இது விளங்கும். இருபுறமும் ஒருங்கே இழுத்தால் தேர் நேரே செல்லும். ஒரு புறம் பிந்தினால் அப்புறமே திரும்பும். அலையும் பிந்திய பக்கமே சாயும். அந்தப் பிந்துதலை அளந்து தருவதே கட்டமாற்றிச் சுற்று.

பாடத்துக்காக நான்கு கிளைப்பாதைகள் உள்ள சுற்றொன்றை எடுத்துக்கொள்வோம். அவை அலையை முறையே 180, 90, 45, 22.5 பாகை தாமதிக்கும். பாகாலா சந்திப்பில் ரயிலைப் பக்கப்பாதையில் திருப்புவது போல, டையோடுகள் அலையைத் திருப்பும். கணிப்பொறி நான்கு இலக்கங்களில் ஆணையிட்டால் 16 நிலைகள் கிடைக்கும்.

இனித்தான் சிக்கல். காதங்கி ராடாரின் அலை 53 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 5.66 மீட்டர். அதில் 0.7 பங்கு தொலைவில் ஆண்டெனாக்கள் நிற்கின்றன. கதிரைப் 10 பாகை சாய்க்க, அடுத்தடுத்த ஆண்டெனாக்களுக்கிடையே 43.8 பாகை தாமதம் வேண்டும். நம் சுற்றில் அருகிலுள்ளது 45. ஒவ்வொன்றுக்கும் 45 கூட்டிக்கொண்டே போனால் வரிசையின் கடைசியில் பிழை 38 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டெனாவின் மொத்தத் தாமதத்தையும் தனியே கணக்கிட்டு, அதன் பிறகே முழுமையாக்க வேண்டும். அப்போது எதன் பிழையும் 11.25 பாகையை மீறாது. அண்டை வீட்டுக் கடன் நம் தலையில் ஏறாத ஏற்பாடு இது!

இத்தனை கவலை எதற்கு? தென்மேற்குப் பருவத்தில் நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் உயரத்தில் விரையும் கீழைக்காற்று நொடிக்கு 40 மீட்டரை எட்டக்கூடும். சாய்ந்த கதிரைக் கொண்டே அதன் வேகத்தை அறிகின்றனர். 10 பாகை என்று எண்ணிய கதிர் 11 பாகை சாய்ந்திருந்தால், 40 என்பது 44 ஆகிவிடும். வானிலை ஆய்வுக்கு அது பொய்க்கணக்கு.

செயற்கைக்கோள் தொடர்புக்கும் இதே வித்தைதான். தாழப் பறக்கும் கோள்கள் சில நிமிடங்களில் தலையைக் கடந்துவிடுவதால், கதிர் ஓயாது பின்தொடர வேண்டும். ஆனால் அளவு சுருங்கிவிடுகின்றது. காதங்கி அலைக்கு 22.5 பாகைக் கிளை என்பது கேபிளில் ஒரு சாண். 12 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கோ, சுற்றுப்பலகையில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு! பத்திலொரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டு பாகை போய்விடும். ஆதலால் சுற்றைச் செய்தபின் ஒவ்வொரு நிலையையும் அளந்து, பிசகை அட்டவணையாக நினைவகத்தில் வைத்துத் திருத்துகின்றனர்.

பொறியியல் பயிலும் நம் காலனிப் பிள்ளைகள் முதலில் சாண் கேபிளில் செய்து பழகலாம். அதற்கு வேண்டிய கணக்கு மேனிலைப்பள்ளித் திரிகோணமிதியைத் தாண்டுவதில்லை.