புகார் எந்த மேசைக்குப் போகிறது?



நீதி வழங்க வேண்டியவர்களே தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது என்பதை எந்த ஊரில் கூடியும் பேசலாம். தருமபுரியில் பேச உட்கார்ந்தால் வாச்சாத்தியிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலைவாழ் கிராமத்துக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள். சேர்த்து வைத்திருந்த தானியத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்தார்கள், குடிதண்ணீர்க் கிணற்றையும் பாழாக்கினார்கள். கட்டை தேட வந்தவர்களுக்குக் கேழ்வரகு மூட்டையில் என்ன வேலை என்று எந்த மேலதிகாரியும் கேட்கவில்லை.

இனி அந்தப் பெண்கள் புகார் கொடுக்க வேண்டும். யாரிடம்? போலீஸ், தாசில்தார் அலுவலகம், ரேஞ்சர் அலுவலகம் என்று எங்கே போனாலும் அன்று ஊருக்குள் வந்த துறைதான் உட்கார்ந்திருந்தது. அடித்தவர் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து வைத்த கதை இது. போதாக்குறைக்கு அந்தப் பெண்களையே கடத்தல் வழக்கில் சேர்த்துச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். நீதிமன்றம் அவர்களை முதலில் பார்த்தது குற்றம் சாட்டப்பட்டவர்களாகத்தான்.

ஆகவே அந்தப் புகார் மாவட்டத்தை விட்டு வெளியேறித்தான் காது கொடுப்பவரைக் கண்டது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் விவரம் திரட்டினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் போய், அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் உயிரோடு இல்லை. எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள்: வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. ஒருவர்கூட விடுவிக்கப்படவில்லை. நீதிபதி பி. வேல்முருகன் கிராமத்துக்கே போய்ப் பார்த்த பிறகு, 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

இடையில் சட்டம் மாறவில்லையா என்பீர்கள். மாறியது. பிடியாணை இன்றிக் கைது செய்வதற்குரிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலருக்குச் சிறைத் தண்டனை உண்டு. கீழமை நீதிபதி மீதான புகார் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவது; அதை இந்தக் கருத்தரங்கின் இரண்டாம் அமர்வு பார்த்துக்கொள்ளும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2013-இல் தமிழ்நாடு இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் அந்த நாற்காலியில் மாவட்ட ஆட்சியரை உட்கார வைத்தது; பக்கத்திலேயே காவல் கண்காணிப்பாளர். வாச்சாத்தி தீர்ப்பு எந்தப் பதவிகளை நோக்கி விரல் நீட்டியதோ, அவற்றில் இரண்டு இவை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மேலே ஒரு எண், ஓரத்தில் ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று ஒரு வரி. மனு எந்தக் காவல் நிலையத்தின் மீதோ, பல நேரம் அந்த நிலையத்துக்கே திரும்பிப் போகிறது. இந்த ஓட்டத்தைத் தாள் தாளாகப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வு நம்மிடம் மிகக் குறைவு. தீர்ப்புகளுக்கு விளக்கம் எழுதுவதில் நமக்கிருக்கும் ஆர்வம் தபால் பதிவேட்டைப் புரட்டுவதில் இல்லை, சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வுக்கு வந்துள்ள கட்டுரைகளில் மாவட்டப் புகார் ஆணையம் பற்றியதை முன்னால் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.