விரலளவுப் பாசறை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாது, ஈயத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன விரலளவுப் போர்வீரர்களுக்கு வண்ணம் தீட்டும் கலையைப் பற்றிப் பேசுவது இவ்வவைக்குப் புதுமையாகத் தோன்றலாம். அதிலும், அக்கலையை இளமையில் பயின்று, பல ஆண்டுகள் கைவிட்டு, நடுவயதில் மீண்டும் தூரிகையை எடுப்பவரைப் பற்றியே இவ்வுரை அமைகிறது. எழுதியவர், நிறுத்தியவர், மீண்டும் எழுத விழைபவர் ஆகிய மூவரும் இல்லாத இலக்கிய வட்டம் எதுவுமில்லை. ஆதலின் பொருள் அயலானதாயினும் அதில் அடங்கிய சிக்கல் நம்முடையதே.

இக்கலையின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். செருமனியின் நியூரம்பர்க் நகரக் கைவினைஞர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே தகட்டைப் போன்று தட்டையான தகர வீரர்களை வார்த்து விற்றனர். 1893இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனம், உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈயம் மிச்சமாயிற்று, விலை குறைந்தது, எளிய வீட்டுச் சிறுவர்களும் ஒரு படையை வாங்க இயன்றது. அந்நிறுவனம் விற்ற வரிசைகளில் சென்னை மாகாணக் காலாட்படைச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது நமக்குச் சுவையான செய்தி. எச்.ஜி. வெல்ஸ் இவ்வகைப் பொம்மைகளைக் கொண்டு விளையாடும் போருக்கு விதிகள் வகுத்து, 1913இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அடுத்த ஆண்டில் மெய்யான போர் மூண்டது.

இலக்கியத்திற்கும் இப்பொம்மைகளுக்கும் நேரடி உறவும் உண்டு. 1826ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், யார்க்ஷயரின் ஹாவர்த் என்னும் சிற்றூரில், பாதிரியார் ஒருவர் தம் மகனுக்கு ஒரு பெட்டி மரவீரர்களை வாங்கிவந்தார். அச்சிறுவனும் அவனுடைய சகோதரிகள் மூவரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயரிட்டனர். சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் என்று பெயரிட்டாள். சிறுவன் பிரான்வெல் போனபார்ட் என்றான். அவ்வீரர்கள் படிப்பதற்கு ஏற்ற அளவில், உள்ளங்கைக்குள் அடங்கும் கையெழுத்து நூல்களை அச்சிறார் எழுதினர். பிராண்டி சகோதரியரின் நாவல்களுக்கு அந்த மரப்பெட்டியே தொடக்கம் எனலாம்.

இனி, மீண்டு வருபவரைக் காண்போம். நவராத்திரிக்குப் பரணிலிருந்து கொலுப்பெட்டியை இறக்கும் வீட்டார்க்கு அவருடைய நிலை எளிதில் விளங்கும். துணியை அவிழ்க்கும்வரை எந்தப் பொம்மை முழுதாக இருக்கிறது, எதன் மூக்கு உதிர்ந்திருக்கிறது என்பது தெரியாது. இவருடைய பெட்டியிலும் அதே ஐயம். எனாமல் வண்ணக் குப்பிகள் இறுகிக் கல்லாகியிருக்கும். தூரிகையின் மயிர் பூச்சியரித்திருக்கும். காற்றோட்டமில்லாத மரப்பெட்டியிலிருந்து எழும் புளித்த ஆவியால் பழைய ஈய வீரர்மீது வெண்பொடி பூத்திருக்கும். அது நச்சுப்பொடி, வெறுங்கையால் தொடலாகாது. பாதி வண்ணம் பெற்ற வீரர் சிலர், கால்சட்டை மட்டும் அணிந்து, முகமின்றி நிற்பர்.

மாறியது பெட்டி மட்டுமன்று. டர்பன்டைனில் கரைத்த எனாமலின் இடத்தை, நீரில் கரையும் அக்ரிலிக் பிடித்துக்கொண்டது. அது விரைவில் உலரும். ஆதலின் கையும் விரைய வேண்டும். ஆனால் கை பழைய கையன்று. நாற்பதைக் கடந்த கண்ணுக்கு வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறுக்கிய வீரனின் உயரம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அவனுடைய கண் ஒரு கடுகினும் சிறியது. நம் சிற்பிகளும் ஓவியர்களும் கண் திறத்தலை இறுதிச் செயலாக வைத்துள்ளனர். மற்றெல்லாம் முடிந்த பின்னும், கண் தவறினால் உரு தவறியதாகும். மீள்பவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடுதான் அவ்விறுதிச் செயலுக்குத் துணிகிறார்.

இளமையில் கையின் திறன் கண்ணின் தேர்ச்சியை விஞ்சி நின்றது. செய்தவை யாவும் அழகாகவே தோன்றின. இடைப்பட்ட ஆண்டுகளில் கை நின்றுவிட்டது, கண் நிற்கவில்லை. அது கோயில்களையும் முகங்களையும் முதுமையையும் நோயையும் பார்த்துக்கொண்டேயிருந்தது. இன்று தம் கை செய்யும் பிழையைத் தம் கண்ணே முதலில் காண்கிறது. மீண்டு வருவோரில் பலர் முதல் வாரத்திலேயே பெட்டியை மூடிவிடுவதற்கு இதுவே காரணம். கவிதைக்கு மீள்வோரின் முதற்பக்கம் கிழிபடுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்த வினா பழைய உருக்களைப் பற்றியது. பழைய வண்ணத்தைக் கரைத்து நீக்குவதா? அதன்மேலேயே புதிது பூசுவதா? இருந்தபடியே விட்டுவிடுவதா? காவிரிப் படுகை இவ்வினாவுக்குப் பழக்கப்பட்டது. ஊர்ப்புறத்து ஐயனார் கோயிலில் வாளேந்திய வீரர்களுக்கும் குதிரைகளுக்கும் குடமுழுக்கின்போது பழைய பூச்சின்மேல் புதுப்பூச்சு ஏறுகிறது. அங்கே புதுமையே வழிபாடு. தஞ்சைப் பெரியகோயிலில் வேறொரு விடை கிடைத்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சூழ்ந்த இருண்ட திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சு உதிர்ந்த இடங்களில் சோழர் கால ஓவியங்களைக் கண்டார். மேற்பூச்சை அழித்தால் ஒரு காலம் போகும். விட்டால் மற்றொரு காலம் மறைந்தே கிடக்கும். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியத்தைப் படலமாகப் பெயர்த்துத் தனிப்பலகையில் ஏற்றி, இரண்டையும் காத்தனர்.

மீள்பவர்க்கும் இம்மூன்றாம் வழி உகந்தது. பழைய வீரர் சிலரை அவ்வாறே ஒரு தட்டில் நிறுத்திவைத்து, புதிய உருவில் புதிதாகத் தொடங்கலாம். பழையதைத் திருத்தப் புகுந்தால் இளமையின் தவறும் போகும். இளமையின் துணிவும் உடன் போகும்.

தொடங்கியபின், சிற்றுருவின் இயல்பு தன் பாடத்தைக் கற்பிக்கிறது. பெரிய உருவின் மடிப்பில் ஒளி தானே விழுந்து நிழல் தரும். விரலளவு உருவில் அவ்வாறு நிகழாது. மடிப்பின் ஆழம் நூலளவே. ஆதலின் நிழலையும் ஒளியையும் ஓவியரே தீட்ட வேண்டும். அடிப்பூச்சின்மேல் உடைநிறம், பள்ளங்களில் ஓடித் தங்குமாறு நீர்த்த கருவண்ணம், மேடுகளில் வெளிறிய நிறம். உள்ளதை உள்ளவாறே தீட்டினால் உரு மங்கிவிடும். சிறிதில் மெய்யாகத் தோன்ற, சிலவற்றை மிகுத்தும் பலவற்றை விடுத்தும் தீட்ட வேண்டும். தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த கோயிலின் சின்னஞ்சிறு சிற்பங்களை உற்றுநோக்கியவர்க்கு இது புலனாகும். குறும்பா எழுதுவோர்க்கும் இது புதிதன்று.

இவ்வூரின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய குடவாயிற் கீரத்தனார் இவ்வித்தையில் வல்லவர். அகநானூற்றின் 44ஆம் பாடல் அவருடையது. நன்னன், ஏற்றை, அத்தி, கங்கன், கட்டி என நீளும் பகைவர் நிரை, பழையனின் வீழ்ச்சி, அது பொறாத சென்னி கழுமலத்தைக் கைக்கொண்ட வெற்றி. ஒரு பெரும்போரின் வரலாறு சில அடிகளில் அடங்கிவிடுகிறது. ஆயினும் பாடலின் பொருள் போரன்று. போர் முடிந்துவிட்டது, பகைத்து நின்ற இரு படைகளும் ஒன்றாயின என முரசு அறைந்தாயிற்று, தலைவன் பாகனிடம் தேரை விரையச் செலுத்துமாறு சொல்கிறான். அவன் மனம் முழுதும் வீட்டில் காத்திருப்பவளிடம் உள்ளது. வினைமுற்றி மீளும் முல்லை அது.

காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டை நோக்குவோம். 103 அடிகளில் ஒரு முழுப் பாசறை. கரும்பை உண்ண மறுக்கும் யானையும் அதனைத் தேற்றும் பாகரும், இடையில் குறுவாள் கட்டி விளக்கேற்றும் மகளிரும், நாழிகை அளப்போரும், சட்டையணிந்த யவனரும், சைகையால் பேசும் மிலேச்சரும் அங்கே உள்ளனர். நடுவே, புண்பட்ட யானைகளையும் மடிந்த வீரரையும் எண்ணி உறங்காத அரசன். இன்று மேசைமேல் ஒரு படைக்காட்சியை அமைக்க விரும்புவார்க்கு இதனினும் நுணுக்கமான குறிப்பேடு கிடைப்பது அரிது. நெடுநல்வாடையில் நக்கீரரோ, நள்ளிரவில் வாடைக்காற்றிலும் தூறலிலும் புண்பட்டோரைக் காணச் செல்லும் வேந்தனைக் காட்டுகிறார். நழுவும் மேலாடையை ஒரு கை பற்றியிருக்கிறது.

இவ்விரு பாசறைகளிலும் உள்ளவர் யார், கடையில் விற்கும் பெட்டியில் உள்ளவர் யார் என ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். பெட்டியில் இருப்போர் பெரும்பாலும் சுடுவோரும் பாய்வோரும் கொடிபிடிப்போருமே. விளக்கேற்றுபவள் அங்கே அரியவள். காத்திருப்பவள் இல்லவே இல்லை. இளமையில் வண்ணம் தீட்டியவர் இவ்வின்மையை உணர்ந்திருக்கமாட்டார். சீருடையின் பொத்தானும் கழுத்துப்பட்டியின் நிறமும் சரியாக இருந்தால் போதும் என்றிருப்பார்.

சீருடைப் பித்து இவ்வுலகில் மிகுதி. குறிப்பாக நெப்போலியன் காலத்துப் படைகளின் நீலமும் சிவப்பும் பொன்னிழையும் தூரிகை ஏந்துவோரை ஈர்த்துக்கொண்டே இருக்கின்றன. அந்நெப்போலியனின் வீழ்ச்சிக்கு நம் கடற்கரையிலும் ஒரு சின்னம் உண்டு. சரபோசி மன்னர் சாளுவநாயக்கன்பட்டினத்தில் எழுப்பிய மனோரா, ஆங்கிலேயர் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் கல்வெட்டாகத் தாங்கி நிற்கிறது. 1799 உடன்படிக்கையால் ஆட்சியுரிமையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த மன்னர், அவர்களுடைய தொலைதூர வெற்றிக்கு இங்கே கோபுரம் எடுத்தார். நம் சோழப் படைகளுக்கோ பெயர்கள் உண்டு. பெரியகோயில் கல்வெட்டுகள் வில்லிகள், யானையாட்கள், குதிரைச்சேவகர், கைக்கோளர், வேளைக்காரர் எனப் படைப்பிரிவுகளை நிரல்படக் கூறுகின்றன. அவர்கள் உடுத்த ஆடையின் நிறத்தைக் கூறவில்லை. அவர்களைத் தீட்டப் புகுபவர், நிறத்தைத் தாமே தேர்ந்து அதற்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும்.

அத்தேர்வுக்கு வழிகாட்டும் ஓவியங்கள் தஞ்சையிலேயே பிறந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் தஞ்சை ஓவியர்கள் ஐரோப்பியர்க்காகப் பல தொழிலாளரையும் சாதியினரையும் இணையிணையாகத் தாளில் வரைந்தனர். அவ்வரிசையில் சிப்பாயும் தனியே நிற்பதில்லை. சிவப்பு மேற்சட்டையணிந்த அவனருகே சேலையுடுத்த மனைவி நிற்கிறாள். பெரியகோயிலின் சோழர் ஓவியத்தில் திரிபுரமெரித்த சிவனை எதிர்க்கும் அசுரர் படையிலும், வீரரைப் பற்றிக்கொண்டு அஞ்சும் மகளிரைக் காணலாம். வாங்கியவரின் விருப்பமும் புராணக் கதையும் இவற்றுக்குக் காரணமாகலாம். எனினும், படைவீரனின் அருகில் அவனை இழக்கவிருப்பவளையும் நிறுத்தும் ஓவியத்திற்குச் சங்கப் பாடல் அயலன்று.

மீண்டு வந்தவர் தரக்கூடியது இதுவே. கைவிட்ட ஆண்டுகள் கையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டன. அதை முழுதும் திரும்பப் பெற இயலாது. பயிற்சியால் ஒரு பகுதி மீளும். நாள்தோறும் அரைமணி நேரமேனும் தூரிகை பிடித்தால் சில மாதங்களில் கோடு நடுங்காதிருக்கும். ஆனால் அவ்வாண்டுகளில் யாருக்கோ காத்திருந்ததும், யாரையோ வழியனுப்பியதும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றதும் கண்ணில் சேர்ந்துள்ளன. போரைச் சிறிதாக்கி விளையாடுவதில் ஒரு பொய் உண்டு; விழுந்த ஈய வீரனைக் கையால் நிமிர்த்திவிடலாம். இளைஞர்க்கு அப்பொய் இனிக்கும். மீண்டவர், நிமிர்த்த முடியாதவர்களை அறிந்தவர். அவர் தீட்டும் முகத்தில் கன்னத்துச் சிவப்பு குறையும். கண்ணின்கீழ் ஒரு மெல்லிய கருமை சேரும். அந்தக் கருமை சீருடை நூல் எதிலும் இல்லை.

எழுத்தை நிறுத்திவைத்திருக்கும் நண்பர்கள் இவ்வட்டத்தில் உளர். பத்தாண்டு மலரில் தம் பெயர் இல்லையே என்று அவர்கள் எண்ணக்கூடும். பழைய கவிதைகளைத் திருத்தத் தொடங்கவேண்டாம்; அவை தட்டில் நிற்கட்டும். பெருங்காவியத்தோடும் தொடங்கவேண்டாம். மீண்ட ஓவியர் படைத்தலைவனையோ குதிரைப்படையையோ முதலில் எடுக்கமாட்டார். ஒரே ஓர் உரு, விலை குறைந்த உரு, கெட்டாலும் வருத்தமில்லாத காலாள் ஒருவன் போதும். அவன் முகம் முடிந்தபின், அவனருகில் யார் நிற்கவேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். முல்லைப்பாட்டின் பாசறையில் நெய் வார்த்து விளக்கைத் தூண்டும் பெண்ணுக்கு எந்தக் கடையிலும் அச்சு இல்லை. அவளை மெழுகிலோ களிமண்ணிலோ கையால்தான் செய்யவேண்டும்.