பெட்டியில் இடம்பிடிக்கும் பரிசு



பண்டிகை நெருங்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசு வாங்குவது எளிது. புடவை, வேட்டி, பாத்திரம் என்று ஏதாவது ஒன்று அமைந்துவிடும். மாதத்தில் பாதி நாள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் அண்ணனுக்கோ மகளுக்கோ என்ன வாங்குவது என்பதுதான் பலரையும் யோசிக்க வைக்கிறது. ஆசையாகக் கொடுத்த பித்தளை விளக்கு, பெட்டி எடை மீறிவிட்டதால் வழியனுப்ப வந்தவர் கையோடு வீடு திரும்புவது, திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

ஆகவே எடையிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குப் பெரும்பாலும் 15 கிலோ பெட்டி, கையில் 7 கிலோ பை, அவ்வளவுதான். சக்கரம் வைத்த காலிப் பெட்டியே அதில் மூன்று கிலோவை எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்டவருக்குக் கைக்குள் அடங்கும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்றை வாங்கித் தரலாம். பெட்டியின் கைப்பிடியில் மாட்டித் தூக்கினால் எடை தெரிந்துவிடும். சில நூறு ரூபாய்தான் விலை. பார்வைக்குப் பெரிய பரிசாகத் தோன்றாது. ஆனால் வீட்டிலேயே எடை பார்த்துக் கிளம்புகிறவர், விமான நிலையத் தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தவிக்க வேண்டியதில்லை.

பயணிக்குப் பரிசு என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது பவர் பேங்க். நல்ல பரிசுதான், மிகவும் பார்த்து வாங்க வேண்டிய பரிசும் அதுதான். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில், ஹாங்காங் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். விமானத்தின் மேற்பகுதி எரிந்துபோனது. இருக்கைக்கு மேலுள்ள பெட்டியில் வைத்திருந்த ஒரு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதன் பிறகு விமான நிறுவனங்கள் விதிகளை இறுக்கத் தொடங்கின. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் சார்ஜ் செய்யவும் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் நிறுவனமும் தடை கொண்டுவந்தது. ஒருவர் ஒரு பவர் பேங்க்தான் எடுத்துச் செல்லலாம் என்றும் சொல்லிவிட்டது.

உலகெங்கும் பொதுவான வரம்பு 100 வாட் மணி. பவர் பேங்கின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதோ மில்லி ஆம்பியர் மணி. கணக்கு எளிது. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 20 ஆம்பியர் மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி. தாராளமாக அனுமதிக்குள் வரும். 27,000-ஐத் தொடும்போது வரம்பின் விளிம்புக்கு வந்துவிடுகிறோம். அதற்கு மேல் 160 வாட் மணி வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். எந்த அளவானாலும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. திறன் அச்சிடப்படாத மலிவுச் சரக்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 10,000 அளவுள்ள, நம்பிக்கையான நிறுவனத்தின் பவர் பேங்க் ஒன்றே பெரும்பாலோருக்குப் போதும்.

பிளக் மாற்றிக்கொடுக்கும் அடாப்டர் இதைவிட மலிவு. பயனோ ஆண்டுக்கணக்கில் தொடரும். நம் ஊர் பிளக்கின் மூன்று உருண்டைக் கம்பிகள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் சுவர்களில் நுழையாது. அங்கெல்லாம் பிரிட்டன் முறைப்படி மூன்று தட்டைக் கம்பிகள். ஒன்று கவனிக்க வேண்டும்: அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தை மாற்றாது. செல்போன், மடிக்கணினி சார்ஜர்களில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும். அவை எங்கும் வேலை செய்யும். 230 வோல்ட்டுக்காகச் செய்த மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் 120 வோல்ட் ஓடும் அமெரிக்காவிலோ 100 வோல்ட் ஓடும் ஜப்பானிலோ பயன்படாது. அமெரிக்கா போகும் மகளுக்கு ஆசையாக மிக்ஸி வாங்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தவர்கள், இரைச்சல் குறைக்கும் ஹெட்போனை நினைத்துப் பார்க்கலாம். அதன் பின்னால் ஒரு வங்காளத்துக் குடும்பத்தின் கதையும் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய விடுதலைப் போராட்டக்காரர் நோனி கோபால் போஸின் மகன், பொறியியல் பேராசிரியர் அமர் போஸ். 1978-இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இசையை எஞ்சின் இரைச்சல் விழுங்கிவிட்டது. வெளியிலிருந்து வரும் ஒலி அலைக்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதை அடக்க முடியுமா என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் சந்தைக்கு வந்தது. 2000-இல் பயணிகளுக்கானது வந்தது. இன்று பல நிறுவனங்கள் பல விலைகளில் செய்கின்றன. அடிக்கடி நெடுந்தூரம் பறப்பவருக்கு இதைவிட மேலான பரிசைச் சொல்வது கடினம்.

வீட்டில் செய்த பலகாரத்துக்கு ஈடான பரிசு இல்லை என்பார்கள். உண்மைதான். முறுக்கும் அதிரசமும் தாராளமாகக் கட்டிக் கொடுக்கலாம். நெய்யும் தொக்கும் கைப்பையில் வேண்டாம். வெளிநாட்டு விமானங்களில் ஒவ்வொரு திரவமும் 100 மில்லிக்குள் என்ற விதி அவற்றுக்கும் பொருந்தும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச் சத்து மிகுந்தது, தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் 2022 முதல் இந்திய விமான நிலையங்களில் சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை. எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது கசகசா. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருள். அம்மா அன்போடு அரைத்துக் கொடுத்த குருமாப் பொடி மகனைச் சுங்கத்தில் நிறுத்திவிடக் கூடாது.

பயணி என்றால் விமானத்தில் பறப்பவர் மட்டும் இல்லையே. மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராக அலையும் விற்பனைப் பிரதிநிதியும், நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டிச் செல்பவரும் அவரைவிட அதிக நாள் வழியில் இருப்பவர்கள். ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் பெரும்பாலும் படுக்கை விரிப்பு தருவதில்லை. மெல்லிய பருத்திப் போர்வை, ஊதி மடிக்கும் தலையணை, பெட்டியை இருக்கைக்கு அடியில் பூட்டும் சங்கிலி ஆகியவை விற்பனைப் பிரதிநிதிக்கு நாள்தோறும் உதவும். லாரிக்காரருக்குச் சூடு தாங்கும் நல்ல எவர்சில்வர் பிளாஸ்க் கொடுங்கள். இரவில் கடை தேடாமல் வண்டியிலேயே தேநீர் குடிக்கலாம்.

வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகிறார்கள் என்றால், காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் வாங்கித் தரலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு சொன்னது. கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து, அளவுக்கு ஏற்றதாக வாங்க வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

கடைக்குப் போகும் முன் பயணம் செய்பவரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். எந்த நாடு, எந்த விமானம், பெட்டியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேளுங்கள். வாங்கியதைப் பளபளக்கும் தாளில் ஒட்டி மூடாமல் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். சோதனையில் பிரிக்கச் சொல்லலாம். கிளம்பும் நாளில் நீட்டாமல், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பில்லோடு கையில் கொடுத்துவிடுங்கள்.